ஐந்து மணி நேரத்தில் ஒன்பது இடம்

மாப்பிள்ளை அனுப்பிய பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தபோது நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஆரோவில், பாரடைஸ் பீச், ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில் (யானை ஆசீர்வாதம்), அருங்காட்சியகம், இருதய ஆண்டவர் பசிலிக்கா, ஒயிட் டவுன் போட்டோ, காந்தி சிலை. ஒன்பதாவதாக, ‘மாமா வீடு, மதிய உணவு, 40 நிமிடம்’.

நாற்பது நிமிடம். ரேஷன் கடையில்கூட அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

விஷயம் இதுதான். 2025 ஜூலையில் சென்னையிலிருந்து கிளம்பி விசாகப்பட்டினம் போய், நம்மூர் வந்து, திரும்பச் சென்னைக்கே போகிற சுற்றுலாக் கப்பல் வர ஆரம்பித்தது ஊரறிந்த செய்தி. வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் கட்சிகள் சண்டை போட்டன. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. மாப்பிள்ளை ஆபீஸில் பத்துப் பதினைந்து பேர் குடும்பத்தோடு சேர்ந்து டிக்கெட் எடுத்தார்கள். என் மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேத்தி. ஐதராபாத்திலிருந்து அவர்கள் நம்மூர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பேத்தி நேரில் வருகிறாள் என்று எனக்கும் வீட்டுக்காரிக்கும் பத்து நாளாக வேறு பேச்சு இல்லை. அப்போதுதான் இந்தப் பட்டியல்.

எனக்குக் கோபம் வந்தது, ஒன்பதாவது இடத்துக்காக மட்டும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் கோப்பு எழுதியவன். கணக்கு இல்லாமல் ஒரு காகிதம் மேசைக்கு வந்தால் கை தானாகவே சிவப்பு மைப் பேனாவைத் தேடும். மாப்பிள்ளை பொறியாளர். அவரே கணக்குப் போடாமல் அனுப்பியிருந்தார்.

கப்பல்காரர்கள் கொடுத்த தாளில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை புதுச்சேரி. ஒன்பது மணி நேரம், ஒன்பது இடம், சரியாய்ப் போச்சு என்று நினைத்திருக்கிறார். ஆனால் கப்பல் கரைக்கு வராது. நம்மூரில் அந்த அளவு கப்பலுக்கு ஆழம் கிடையாது. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில் இறக்கி உப்பளம் துறைமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்க வேண்டும். டோக்கன் கூப்பிடுகிற வரைக்கும் காத்திருந்து, படகில் ஏறி, இறங்கி, பரிசோதனை முடித்து, வாசலுக்கு வந்து வண்டி பிடிக்கும்போது பத்து மணி. திரும்பும் கடைசிப் படகு நாலு மணிக்கு முன்னால். மூன்றுக்கே துறைமுகத்தில் இருந்தால்தான் குழந்தையை வைத்துக்கொண்டு நிம்மதி. பத்திலிருந்து மூன்று. ஐந்து மணி நேரம்.

இப்போது பட்டியலை அதில் பொருத்திப் பாருங்கள். ஆரோவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பார்வையாளர் மையத்தில் சீட்டு வாங்கி, மாத்ரிமந்திர் தெரிகிற இடம் வரை ஒரு கிலோமீட்டர் நடந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். உள்ளே போக முன்பதிவு தேவை, சின்னப் பிள்ளைகளை விடவும் மாட்டார்கள். எப்படி ஓடினாலும் இரண்டரை மணி நேரம். அது ஊருக்கு வடக்கே. பாரடைஸ் பீச் தெற்கே, சுண்ணாம்பாறு. அங்கே படகுக்கு வரிசை, போக, வர, இன்னொரு இரண்டு மணி நேரம். ஆக நாலரை மணி நேரம் இந்த இரண்டிலேயே போயிற்று. மிச்சம் அரை மணியில் ஏழு இடம்.

அதோடு, மணக்குள விநாயகர் கோயில் நடை மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆசிரமத்திலும் மதிய இடைவேளை உண்டு. அதாவது பிள்ளைக்குப் பசிக்கிற நேரத்தில், தலைக்கு நேரே வெயில் நிற்கிற நேரத்தில், நம்மூரில் முக்கால்வாசிக் கதவுகள் மூடியிருக்கும். இது குறை இல்லை. வெயில் ஊரின் வழக்கம் இது. தமிழனும் தூங்கினான், பிரெஞ்சுக்காரனும் தூங்கினான். நான் படித்த லிசேயில் வாத்தியார்களும் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்துதான் வருவார்கள்.

யானை விஷயம் தனி. மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடையில் ரோட்டில் விழுந்து இறந்தாள். ஊரே அழுதது. கடை அடைத்தவர்களைப் பார்த்தேன், நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். இந்தப் பட்டியல்கள் எல்லாம் இணையத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதுவது. ஒருவரும் ஊருக்கு வந்து பார்ப்பதில்லை. அதனால் செத்துப்போன யானை இன்னும் பட்டியலில் நின்று துதிக்கை தூக்கிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் ஏமாந்தால் பரவாயில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் ‘யானை உன் தலையில் தும்பிக்கை வைக்கும்’ என்று ஐதராபாத்திலேயே சொல்லிக் கூட்டிவருகிறார்கள்.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். அவர் நல்ல மனுஷர், பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தெரியாதவர். “மாமா, காசு கட்டி வர்றோம், பார்த்துட்டுப் போயிடலாம்னுதான். மறுபடி எப்ப வருவோம்?” என்றார். “பாப்பாவுக்கும் வரலாறு தெரியணும் இல்ல மாமா?”

இந்த இரண்டு வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இதே இரண்டுதான்.

காசு கட்டியாயிற்று என்கிற வாதம். கட்டியது கப்பலுக்கு. கப்பலில் நீச்சல் குளம் இருக்கிறது, பிள்ளைகள் விளையாட அறை இருக்கிறது, பேத்திக்கு அதுவே போதும். கரையில் கால் வைத்த நிமிடத்திலிருந்து காசை வசூல் பண்ணவேண்டும் என்று நினைத்தால், அந்த வசூலைக் கடைசியில் கட்டுவது அந்தப் பிள்ளையின் கால்கள். மறுபடி எப்போது வருவோம் என்றால், இது நிலா இல்லை. ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, மாமனார் வீடு இருக்கிறது.

வரலாறு. ஐந்து வயதில் எனக்குத் தெரிந்த வரலாறு என்ன? 1954 நவம்பரில் கொடி மாறியது. எனக்கு அப்போது நாலரை வயது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம் அப்பா. எனக்கு நினைவில் இருப்பது அவர் தலையில் தடவியிருந்த எண்ணெய் வாசம். துய்ப்ளேக்ஸ் பிறந்த ஆண்டு, ஹென்றி நாலாம் மன்னன் கதை எல்லாம் பின்னால் வாத்தியார் கட்டைவிரலால் காதைத் திருகி ஏற்றியது. பிள்ளைக்கு வரலாறு தெரியவேண்டிய காலம் வரும். மஞ்சள் சுவர் முன்னால் மத்தியான வெயிலில் கண் கூச நிற்கவைத்துப் போட்டோ எடுப்பதால் அது வராது. (அந்த மஞ்சள் சுவர்களுக்குப் பின்னால் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாசலில் நின்று வழிவிடச் சொல்லி அலுத்துப் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருநாள் தனியாக எழுதவேண்டும்.)

இவ்வளவு சொன்னேன். மறுநாள் மகள் பேசினாள். “அப்பா, அவரை ஏன் திட்டறீங்க? நீங்க ஆக்ரால என்ன பண்ணீங்க?” என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

1989 மே மாதம். எல்.டி.சி. எடுத்துக்கொண்டு டெல்லி, ஆக்ரா, மதுரா, ஹரித்வார். அரசாங்கம் பயணச் செலவு கொடுக்கிறது, ஓர் இடத்தையும் விடக்கூடாது என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஃபுல்ஸ்கேப் தாளில், கோடு போட்டு, நேரம் எழுதி. லிசேயில் கால அட்டவணைக்கு ‘அம்ப்ளுவா து தாம்’ என்பார்கள், காலத்தைப் பயன்படுத்துவது என்று அர்த்தம். அப்படித் தலைப்புப் போட்டே எழுதியிருந்தேன், அந்த வயதில் அந்தத் திமிர். மகளுக்கு ஆறு வயது. தாஜ் மஹாலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பளிங்கில் ஏறினோம். மே மாதத்துக் கல். அவள் கால் சுடுகிறது என்று அழுதாள், தூக்கச் சொன்னாள். பஸ் கிளம்ப நாற்பது நிமிடம்தான் இருந்தது. கொஞ்சம் தூரம் தூக்கினேன், அப்புறம் இறக்கிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அடித்தேன்.

அவள் மறந்திருப்பாள் என்று முப்பத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். “வெளியில ஒரு தண்ணிக் குழாய் இருந்துச்சுப்பா. அம்மா என் காலைக் கழுவிவிட்டாங்க. தாஜ் மஹால் எனக்கு அவ்வளவுதான்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு, “பட்டியல் அவர் போட்டது. நீங்க வேற ஒண்ணு போட்டு அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

ஆகவே இதை எழுதுகிறவன் யோக்கியன் என்று யாரும் எண்ணவேண்டாம். பட்டியல் போட்டுப் பிள்ளையை அடித்தவன் எழுதுகிறேன்.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. என்னோடு லிசேயில் படித்து, அறுபதுகளில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போன நண்பன் ஒருவன் இரண்டு வருஷம் முன்னால் பேரனோடு மத்தியதரைக் கடலில் கப்பலில் போனான். அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருந்தது. கப்பல் நின்றது சிவித்தாவெக்கியா என்கிற துறைமுகத்தில். ரோம் அங்கிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், கொலோசியத்தை வெளியே நின்று பார்த்து, கப்பல் போய்விடுமோ என்று பயந்து பயந்து திரும்பினார்களாம். நாலு வயதுப் பேரன் ரயிலில் தூங்கினான், போகும்போதும் வரும்போதும். கப்பல் நின்ற அந்த ஊரில் மிக்கேலாஞ்சலோ பெயரில் கடலோரக் கோட்டை இருக்கிறது, நடந்து போகிற தூரம். நாங்கள் வகுப்பில் படித்த ஸ்தாந்தால் 1831-லிருந்து பிரெஞ்சுக் கான்சலாக இருந்த ஊர் அது. அவருக்கு அங்கே அலுப்புத்தான், அது வேறு. “கோட்டைப் பக்கம் போனாயா?” என்று கேட்டேன். “அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்” என்றான்.

நம்மூருக்கு வருகிறேன். கப்பலில் வருகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. நீங்கள் ஊர் பார்க்க வருகிற நேரம் ஊர் பார்க்கிற நேரமே இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் அது பிள்ளைகளின் சாலை. ஓடலாம், சைக்கிள் விடலாம், காந்தி சிலை மேடையின் சரிவில் சறுக்கலாம். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கால்சட்டையைத் தேய்த்த கல் அது. பஞ்சுமிட்டாய், சுண்டல், காற்று. நீங்கள் பத்து மணிக்கு இறங்கும்போது அது வெறும் ரோடு. ஸ்கூட்டரும் காரும் போகும். ஐந்து மணிக்கு உங்கள் கப்பல் கிளம்பும்போது ஊர் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வெளியே வரும்.

ஜூலையில் வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஆனி ஆடியில் காலை முழுக்க மேல்காற்று. நிலத்துச் சூட்டை அள்ளிக்கொண்டு வரும். கடற்காற்று திரும்ப மதியம் தாண்டும். கடலோர ஊர்தானே, குளுகுளு என்று இருக்கும் என்று நம்பிப் பதினொன்றரை மணிக்குப் பிள்ளையை நடக்கவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தொப்பி இல்லை, தண்ணீர் இல்லை. கழிப்பறை எங்கே என்று என்னைக் கேட்பார்கள். எழுபத்தைந்து வயதில் நானே அதைக் கணக்குப் பண்ணித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். அவர்களுக்கு என்ன சொல்ல?

சரி, பிள்ளைக்கு என்ன வேண்டும்? மணல். கடலோர ஊருக்கு வருகிற எந்தப் பிள்ளையும் முதலில் கேட்பது அதைத்தான். அதில் நம்மூர்க் கதை கொஞ்சம் சோகமானது. நான் சிறுவனாக இருந்தபோது காந்தி சிலைக்கு முன்னால் இறங்கினால் மணல். அது நம் கண் முன்னால் போயிற்று. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ஊர்க் கரையை அலை தின்றது. அப்புறம் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். பிள்ளைகள் கால் வைக்க இடம் இல்லாமல் இருபது இருபத்தைந்து வருஷம் கழிந்தது. 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்புத் தடுப்பு ஒன்றை இறக்கியபிறகு அங்கே மட்டும் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. எந்தத் துறைமுகத்துக்காக மணல் போனதோ, அந்தத் துறைமுகத்தில்தான் பேத்தி படகில் வந்து இறங்குகிறாள், மணல் கேட்டுக்கொண்டு.

கப்பல் வெளியே நிற்பதும் படகில் இறங்குவதும் நம்மூருக்குப் புதிது இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால் எந்தக் கப்பல் எப்போது வந்தது என்பதுதான் பாதி. அப்போதும் கப்பல் தூரத்தில்தான் நிற்கும், சலங்குப் படகில்தான் ஆட்களும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு, அலை மோதினால் வளைந்து கொடுக்கும். பழைய பாலம் 1952 புயலில் போயிற்று. 1962-இல் முடிந்த புதுப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. முந்நூறு வருஷத்தில் பாலங்கள் போய்விட்டன, படகு மட்டும் நிற்கிறது. பேத்திக்குச் சொல்ல இதையெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

என் பட்டியலில் மூன்று வரி. பத்து மணிக்குச் செயலகத்துக்கு எதிரே மணல், முக்கால் மணி நேரம், தொப்பியோடு, தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் போகாமல் (அங்கே அலை இழுக்கும், கையை விடக்கூடாது). பதினொன்றுக்குப் பாரதி பூங்கா, மர நிழல், ஆயி மண்டபம். பன்னிரண்டுக்கு வீடு. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “பதினொண்ணுக்கு அவளுக்குப் பசிக்கும். அது உங்க கணக்குல எங்க?” என்றாள். அடைப்புக்குறிக்குள் ‘வாழைப்பழம், பிஸ்கட்’ என்று சேர்த்தேன். மூன்றாம் வரிக்கு எதிரே ‘தூக்கம்’ என்று அவளே எழுதினாள்.

நாள் வந்தது. பத்தேகாலுக்கு வெளியே வந்தார்கள். பேத்தி படகில் வாந்தி எடுத்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. அன்று கடலில் ஆட்டம் அதிகம், யார் மேலும் தப்பு இல்லை. மாப்பிள்ளை ஆபீஸ் நண்பர்கள் வேன் வைத்திருந்தார்கள், முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியது. அவர் என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். “போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நாங்க பாப்பாவைப் பார்த்துக்கறோம்” என்றேன். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் ஆரோவில் போனார். மகளும் பேத்தியும் என்னோடு ஆட்டோவில் ஏறினார்கள்.

என் பட்டியல் மட்டும் அப்படியே நடந்தது என்று சொன்னால் பொய். மணலில் அவள் பத்து நிமிடம்தான் இருந்தாள். சூடு. அப்புறம் கருங்கல் பாறைகளுக்கு நடுவே ஒரு நண்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அது உள்ளே போகும், வெளியே வரும், அவள் குனிவாள், அது உள்ளே போகும். முக்கால் மணி நேரம் அதுதான். நாற்பது வருஷமாக நான் சபித்துக்கொண்டிருந்த பாறைகள். பின்னால் நின்று குடை பிடித்தேன். சலங்குப் படகைப் பற்றி ஒருதரம் ஆரம்பித்தேன், “தாத்தா, சத்தம் போடாதீங்க, பயந்துக்கும்” என்றாள்.

பூங்காவில் ஆயி கதை. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாளே, அந்தத் தண்ணீர் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்கு வந்தது, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவளுக்கு மண்டபம் கட்டினார்கள் என்று நான் சொல்ல ஆசைப்பட்ட கதை. ‘ஒரு ஊர்ல ஆயின்னு ஒரு அம்மா’ வரைக்கும் போனேன். வாழைப்பழம் வேண்டும் என்றாள். பழத்தைத் தின்றுகொண்டே, “யானை எப்ப வரும்?” என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை பட்டியலிலும் பதில் இல்லை, என் பட்டியலிலும் இல்லை. யானை ஊருக்குப் போயிருக்கிறது, தூங்குகிறது என்று எத்தனையோ சொல்லலாம். “யானை செத்துப்போச்சும்மா. மூணு வருஷம் ஆகப்போகுது” என்றேன். “ஏன்?” என்றாள். “நடந்துக்கிட்டு இருந்துச்சு. விழுந்துடுச்சு.” கொஞ்ச நேரம் யோசித்தாள். “யாரும் தூக்கலையா?” என்றாள்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மகள் எழுந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வெயிலா இருக்குப்பா, வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள். மணி பதினொன்றரைகூட ஆகவில்லை.

வீட்டில் இரண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சாதம். அப்புறம் தாழ்வாரத்தில் பாட்டியோடு பாயில் படுத்து ஒன்றே முக்கால் மணி நேரம் தூங்கினாள். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஒன்றும் பண்ணவில்லை. இரண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்தார், முகம் கறுத்து, சட்டை நனைந்து. வேன் பாரடைஸ் பீச் வாசல் வரை போய், வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டதாம். தூரத்தில் தங்க நிறத்தில் மாத்ரிமந்திர் தெரிகிற போட்டோ காட்டினார். “நல்லா விழுந்திருக்கு மாப்பிள்ளை” என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. பேத்தி எழுந்ததும் அவரிடம் முதலில் சொன்னது நண்டைத்தான்.

எட்டில் ஒரே ஓர் இடம் பார்த்தார் அவர், அதுவும் தூரத்திலிருந்து. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஒரே நாளில் கரையிறங்கி ஏறுகிற எந்தக் குடும்பமும் பார்க்க முடிவது அவ்வளவுதான். அதைக் கப்பல் டிக்கெட் எடுக்கும்போதே ஒப்புக்கொண்டால் பிள்ளை தப்பிக்கும். பெரியவர்களில் ஒருவர் ஓடிப் பார்க்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு உட்காரட்டும், அடுத்த துறைமுகத்தில் மாற்றிக்கொள்ளட்டும். இதில் என்ன கௌரவக் குறைச்சல்?

நம்மூரில் இருக்கிறவர்களும் சும்மா இருக்கக்கூடாது. கைக்குழந்தை, சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களை முதல் படகில் இறக்க ஏற்பாடு வேண்டும். துறைமுக வாசலில் நிழலும் குடிதண்ணீரும் வேண்டும், கடற்கரையில் தண்ணீர் வருகிற கழிப்பறை வேண்டும். கப்பல் வருகிற நாளில் மட்டுமாவது பதினொரு மணி வரை கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தினால் என்ன? தினமும் இரவில் செய்வதைத்தானே பகலில் மூன்றரை மணி நேரம் நீட்டச் சொல்கிறேன். செத்துப்போன யானையைப் பட்டியலிலிருந்து எடுக்க யாரிடம் மனு கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. மற்றவற்றுக்கு மனு எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

மாப்பிள்ளை நேற்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். டிசம்பர் லீவில் ரயிலில் வருகிறார்களாம், நாலு நாள். மாத்ரிமந்திர் உள்ளே போக அவருக்கும் எனக்கும் மட்டும் முன்பதிவு பண்ணப் பார்க்கிறாராம். இரண்டாம் நாளுக்கு எதிரே ‘நண்டு’ என்று எழுதியிருக்கிறார், நேரம் போடவில்லை.